வாழைத்தார் மறைந்தால் உருட்டணும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஐந்து பேருக்கும் சோறு போட்டது ஒரு மர முக்காலி. திருநெல்வேலி சந்திப்பில், ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில், ரயிலேறுகிறவர்கள் வண்டியை விட்டுப்போகிற ஸ்டாண்டின் வாசலில் அந்த முக்காலியைப் போட்டுக்கொண்டு டோக்கன் கொடுத்தேன். கோமதி என்று கேட்டால் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. டோக்கன் கோமதி என்று கேட்டால் ரயில் எஞ்சின்கூட நின்று வழி சொல்லும்.

இப்போது இதையெல்லாம் சொல்லும்படி ஆனது இசக்கியால். இசக்கி இப்போது வேறொரு ஸ்டாண்டில் என் வேலையைப் பார்க்கிற பெண். அவள் கையில் ஒரு மிஷின் இருக்கிறது, அதுவே சீட்டு அடித்துக் கொடுக்கும். போன மாதம் ஒரு மண்டபத்தில் கூட்டம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்குள் வருகிற வண்டிகளில் அதிகமாகப் புகை விடுகிறவற்றுக்குக் கட்டணம் போடலாமா வேண்டாமா, ஊரார் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு லோடு ஆட்டோக்காரர் எழுந்தார். "புது வண்டி வாங்க வழி இருந்தா நான் எதுக்குப் பழைய வண்டியக் கட்டிக்கிட்டு அழுவுதேன்? எங்கிட்ட வந்து கட்டணம் கேக்கியளா?" என்றார். நியாயம்தான். அடுத்து ஒரு டாக்டரம்மா எழுந்து, மூச்சு இழுப்போடு தன்னிடம் வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அது அதைவிட நியாயம். மூன்றாவதாக எழுந்தவர், "கட்டணம் தாராளமாப் போடுங்க. எங்க சங்கத்து வண்டிக்கு மட்டும் விலக்கு வேணும்" என்றார். அவ்வளவுதான். அவர் உட்காருவதற்குள் நாலு கை தூக்கியாயிற்று. வக்கீல் வண்டிக்கு விலக்கு, கோயில் வண்டிக்கு விலக்கு, கல்யாண வண்டிக்கு, துக்க வீட்டு வண்டிக்கு, பத்திரிகை வண்டிக்கு. கடைசியில் பார்த்தால் அந்த மண்டபத்தில் கட்டணம் கட்டுவதற்கு மிச்சம் இருந்தது நானும் இசக்கியும்தான். எங்கள் இரண்டு பேரிடமும் வண்டி கிடையாது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"என்னக்கா, இப்படிச் சிரிக்கிய?" என்று இசக்கி இடித்தாள்.

"ஏட்டி, இந்தக் கூட்டத்தை நான் எப்பவோ நடத்தி முடிச்சிட்டேன்" என்றேன்.

மைக் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் காபி வந்துவிட்டது. காபி வந்தபிறகு யார் பேச்சு எடுபடும்? அதனால் அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

வேலை பழகுவதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. ஒரே எண் அடித்த இரண்டு தகரத் துண்டு. ஒன்றை வண்டியில் மாட்டவேண்டும், இன்னொன்றை ஆளிடம் கொடுக்கவேண்டும். எனக்கு எழுத்து வராது. என் பெயரை மட்டும் கோலம் போடுகிற மாதிரி போடுவேன். ஆனால் எண் முந்நூறு வரை சுத்தமாகத் தெரியும். ஸ்டாண்டில் இருந்தது முந்நூறு டோக்கன். அதற்குமேல் படித்து நான் என்ன செய்யப் போகிறேன்?

ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் சிவனு அண்ணாச்சி. இடம் ஏதோ ஓர் ஆபீசுக்குச் சொந்தம். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அவர்கள் பிள்ளைகுட்டிகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். அண்ணாச்சி பெரிய உடம்புக்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் குற்றாலத் துண்டு, மடியில் பொடி மட்டை. உட்காரவே மாட்டார். உட்கார்ந்தால் சட்டை கசங்கும். வந்ததும் முதல் வார்த்தை, "ஏட்டி கோமதி, சாப்ட்டியா?" என்பதுதான். சாப்பிடவில்லை என்றால் அப்புறம் பேசுவார். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். ஒரு சிட்டிகை பொடியை எடுத்து உறிஞ்சி, கண்ணில் தண்ணீர் வர ஒரு தும்மல் போட்டு, "பாப்போம்" என்பார். அந்த "பாப்போம்" பாதி நேரம் ஆம், பாதி நேரம் இல்லை. எது எந்த நேரம் என்று தும்மலின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. சந்தோஷமாக இருந்தால் ஏட்டி என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "அம்மா கோமதி, வாங்க" என்று கூப்பிட்டாரானால் அன்றைக்கு எனக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இனி புகைக்கு வருகிறேன். தங்கை விட்டுப்போன இரண்டில் இளையவள் செல்வி. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வரவில்லை. அவளுக்கு இழுப்பு. ராத்திரி பகல் இல்லாமல் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. முக்காலிக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து அதில் போட்டுவைப்பேன். ஸ்டாண்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட், மூன்று பக்கமும் சுவர். உள்ளே வந்த புகைக்கு வெளியே போக வழி தெரியாது. எங்கள் இரண்டு பேர் மூக்கைத்தான் வழி என்று நினைத்துக்கொள்ளும்.

அன்றைய ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றவேண்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு வண்டிமேல் பிரியம் அதிகம். ஒரு பங்கு ஊற்று என்றால் இரண்டு பங்கு ஊற்றுவார்கள். மாப்பிள்ளை இலையில் நெய் ஊற்றுகிற கை, சும்மா இருக்குமா? தின்ற வண்டி நீலமாகக் கக்கும்.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். "இவளுக்குப் புகை ஆகாதும்மா" என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நேரே புகைக்குள்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு எங்கே கொண்டுபோக?

மறுநாள் ஒரு கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பைக் கரைத்து, சந்துமுனையில் டீக்கடைக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். புகைகிற வண்டி கோட்டிலேயே அணைக்கவேண்டும். அங்கிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு வரவேண்டும். காசு ஒன்றும் கூடுதல் இல்லை. காசு என்றால் இருக்கிறவன் விட்டெறிந்துவிட்டு ஓட்டிக்கொண்டு வருவான். உருட்டுவது எல்லாருக்கும் ஒரே கனம்.

எது புகைகிற வண்டி என்று யார் சொல்வது? அதற்கும் வழி வைத்தேன். முக்காலியில் இருந்து பார்த்தால் டீக்கடையில் தொங்குகிற வாழைத்தார் தெரியும். வண்டி கோட்டுக்கு வரும்போது தார் மறைந்தால் உருட்டணும். தெரிந்தால் ஓட்டலாம். சண்டைக்கு வந்தால், "நீங்களே இங்கன உக்காந்து பாருங்க" என்று முக்காலியைக் கொடுத்துவிடுவேன். அடுத்தவன் வண்டி வரும்போது எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரியும்.

சாயங்காலத்தில் ஒரு தகராறு வந்தது. பழமெல்லாம் விற்று வெறும் காம்பு தொங்கும் நேரம். ஒருத்தர் குபுகுபு என்று வந்து இறங்கி, "தாரே இல்லையே, எதை மறைச்சேன்?" என்று சட்டம் பேசினார். டீக்கடைக்காரர் அன்றிலிருந்து ஒரு காய்த்தாரைத் தனியாகத் தொங்கவிட்டார். யார் கேட்டாலும், "அது சட்டம், விக்கதுக்கு இல்ல" என்பார். பழுத்ததும் அந்தச் சட்டத்தை நாங்கள் பங்குவைத்துத் தின்றுவிட்டு வேறொரு சட்டத்தை மாட்டுவோம்.

கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. அப்போது வந்தார் டேனியல் சார். திருச்செந்தூர் பாசஞ்சரில் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர். ஒரு கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் வைத்து ஓட்டுவார். தார் மட்டுமல்ல, டீக்கடையே மறைகிற புகை. யாரும் சொல்லாமல் அவரே கோட்டில் அணைத்தார்.

"கோமதி, உன் சட்டம் எனக்கும் சம்மதந்தான். ஆனா இறங்கி உருட்டினா ரெண்டடியில நான் விழுந்திருவேன். என்ன செய்யலாம் சொல்லு" என்றார்.

உள்ளே ஓட்டிப் போங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவருக்குப் பின்னால் நின்ற, பாங்கியில் வேலை பார்க்கிற ஒருத்தர், "ரயிலு போயிரும், ஐயா" என்று சொல்லிக்கொண்டே தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சாருடைய வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சார் கால்மேல் பையை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"சாமி சப்பரம் வருது, வழி விடுங்க!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முடியாதவர் ஏறி உட்காரவேண்டும், பின்னால் நிற்கிறவர் தள்ளவேண்டும்.

முடியாதவர் ஒருவர் என்றால் சரி. அந்த வாரத்துக்குள் ஊருக்கே நோய் வந்துவிட்டது. இடுப்புப் பிடிப்பு, முழங்கால் வலி, நெஞ்சு அடைப்பு, குடலிறக்கம், மூலம். ஆளுக்கொரு டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். விடு, நாங்கள் ஓட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா உங்களை நம்புதேன். ஏறி உக்காருங்க, தள்ள ஆளு வரும்" என்பேன். பிறகு ரயிலடி வரை கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பேன். "பைய, பைய! குடலிறக்கக்காரரு வாராரு, பாத்துத் தள்ளுங்க!"

குடலிறக்கக்காரர் மறுநாள் தானே உருட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேருக்கு மூலம் ஒரே ராத்திரியில் குணமானது. கடைசியில் சப்பரத்துக்கு டேனியல் சார் ஒருவர்தான் மிச்சம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அதிகாரி வந்தார். ஸ்டாண்டு இடத்துக்குக் குத்தகை எழுதுகிற ஆபீசில் புதிதாக மாற்றலாகி வந்தவர். குடும்பம் அம்பாசமுத்திரத்தில். சாயங்காலம் ஸ்கூட்டரை எங்களிடம் விட்டுவிட்டு ரயிலேறுவார். முதல் நாள் அவர் வந்ததும் தார் மறைந்தது, டீக்கடை மறைந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த டேனியல் சார் மறைந்தார். நான் எழுந்து குறுக்கே நின்று கையைக் காட்டினேன்.

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியல ஐயா. புகையில முகம் தெரியல."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் இறங்கி உருட்டினார். உருட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். குடையை மடக்கினார். "அம்மா கோமதி, சாப்ட்டீங்களா?" என்றார்.

நான் முக்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, என்ன தப்புன்னாலும் ஏட்டின்னே கேளுங்க."

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இந்த மாசத்தோட குத்தகை முடியுது. மறுபடி நமக்கே எழுதணும்னா அந்த ஐயாவோட கையெழுத்து வேணும். அவரு உருட்ட மாட்டேங்காரு. அவரு கையெழுத்துப் போடலைன்னா எனக்கு ஸ்டாண்டு இல்ல, உங்களுக்கு முக்காலி இல்ல. அவரை மட்டும் விட்டிருங்க. இல்லைன்னா கோட்டை அழிச்சிருங்க தாயி."

தாயி என்றும் சொல்லிவிட்டார். அதற்குமேல் மரியாதை கிடையாது.

நான் திரும்பிப் பார்த்தேன். செல்வி சாக்கில் உட்கார்ந்து ஒரு பழைய டோக்கனைத் தரையில் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். கோடு போட்ட பிறகு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. கோட்டை அழித்தால் இவளுக்கு மூச்சு இல்லை. அழிக்காவிட்டால் ஐந்து பேருக்கும் சோறு இல்லை. ஒருத்தரை மட்டும் விடுவது என்பதும் அழிப்பதுதான். ஒருத்தரை விட்டால் மறுநாள் முந்நூறு டோக்கனுக்கும் முந்நூறு அதிகாரி முளைப்பான்.

அண்ணாச்சி பொடி மட்டையை எடுத்தார். அவர் தும்முவதற்குள் பேசிவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, அவரு உருட்ட வேண்டாம். ராசா மாதிரி உக்காந்தே வரட்டும்."

"அப்ப யாரு உருட்டுவா?"

"முடியாதவங்க வண்டியப் பின்னால நிக்கவங்க தள்ளுவாங்க. இவருக்குக் காலும் நல்லா இருக்கு, நெஞ்சும் நல்லா இருக்கு. இவருக்கு எவனும் தள்ள மாட்டான். விலக்கு வேணும்னு கேக்கது நீங்க. அப்ப நீங்கதான் உருட்டணும்."

அவர் பொடியை உறிஞ்சினார். தும்மினார். அப்படி ஒரு தும்மலை அதற்குமுன் கேட்டதே இல்லை. ஆமா, இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாப்போம்" என்றார்.

அன்று சாயங்காலம் ரயில் நேரத்துக்கு முன்னால் அண்ணாச்சி வந்து கோட்டில் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அதிகாரி வந்தார், அணைத்தார். அண்ணாச்சி அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் முதலில் முழித்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி தள்ள ஆரம்பித்தார்.

எங்கள் எண்ணம் எல்லாம், அந்த மனிதர் வெட்கப்பட்டு இரண்டாம் நாளே இறங்கி உருட்டுவார் என்பதுதான். நாங்கள் தப்பாக நினைத்துவிட்டோம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. தலையைத் திருப்பித் திருப்பி, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் வேளைக்கு முன்னாலேயே வந்து கோட்டில் காத்திருந்தார்.

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. ரயிலுக்குப் போகிறவர்கள் சீக்கிரமே வந்து டீயை வாங்கிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்குச் சப்பரம் எத்தனை மணிக்கு?" என்று டேனியல் சார்கூடக் கேட்டார். "எனக்குப் போட்டியா ஒரு சாமி கிளம்பிட்டாரே!"

செல்வி கைகொட்டிச் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இழுக்கும். அதற்காக அவளைச் சிரிக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தேன். அதனால் டோக்கன் இரண்டு மாறிப்போய் ஒரு வாத்தியார் மொபெட்டை ஒரு நெல் வியாபாரி கொண்டுபோய்விட்டார்.

அண்ணாச்சி ஒரு வாரம் தள்ளினார். அடுத்த நாள் காலையில் ஒரு மெக்கானிக்கோடு வந்தார்.

"ஏட்டி கோமதி, சாப்ட்டியா?"

ஏட்டி என்றதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அந்த ஐயாகிட்டச் சொல்லிட்டேன், இன்னைக்கு வண்டி நம்மகிட்ட இருக்கட்டும்னு. என்ன செலவானாலும் எஞ்செலவு. இதுக்குமேல என்னால ஏலாது" என்றார்.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தான். வண்டியில் கோளாறே இல்லை. ஐயா ஒன்றுக்கு மூன்றாக ஆயில் ஊற்றி வளர்த்திருக்கிறார். சைலன்சரைக் கழற்றி, நெருப்பில் வாட்டி, தரையில் தட்டினான். ஒரு சின்ன ஓலைப்பெட்டி நிறைய கரி கொட்டியது. டேங்கைக் கழுவி, அளவோடு கலந்து ஊற்றினான்.

மறுநாள் சாயங்காலம் அதிகாரி வந்தார். வண்டி பூனை மாதிரி வந்தது. முக்காலியில் இருந்து பார்க்கிறேன், தாரில் ஒவ்வொரு காயும் தனித்தனியாகத் தெரிகிறது.

"போங்க ஐயா, ஓட்டிட்டே போங்க" என்று கையைக் காட்டினேன்.

அவர் போகவில்லை. கோட்டிலேயே அணைத்தார். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணாச்சியைப் பார்த்தார்.

சந்தே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, உருட்டுறது புகையிற வண்டிக்குத்தான். உங்களுது இப்ப எங்க எல்லாத்தையும் விடச் சுத்தம். நீங்க ஓட்டிட்டுத்தான் போகணும், அதுதான் சட்டம்."

அந்த மனிதர் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. பொம்மையைப் பிடுங்கின பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். மெதுவாக ஸ்டார்ட் செய்து, மற்ற எல்லாரையும் போல உள்ளே போனார். நானும் மற்ற எல்லாரையும் போல அவருக்கு டோக்கன் கொடுத்தேன். கையெழுத்து போடுவாரோ மாட்டாரோ என்று அந்த மாசம் முடிகிறவரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் போட்டுவிட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணாச்சியிடம் கேட்டால் பொடி போடுவார்.

கோடு அப்படியே இருந்தது. ஆடிக்கு ஒரு தடவை சுண்ணாம்பைப் புதிதாகப் போடுவோம். செல்வி வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் புருஷனைத் திட்டினால் மூச்சே விடாமல் திட்டுகிறாள். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மண்டபத்தில் பேசினவர்களுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். கட்டணம் போடுங்கள், போடாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். போட்டால் அந்த லோடு ஆட்டோக்காரருக்கு வண்டியைச் சீராக்க ஒரு வழியும் பண்ணிக்கொடுங்கள். அவர் டேனியல் சார் மாதிரி, பின்னால் நிற்கிறவர்கள்தான் கை கொடுக்கவேண்டும். மற்றபடி விலக்கு கேட்கிறவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. விலக்குக்கு யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவரே அந்த வண்டியைச் சந்திப்பில் இருந்து டவுண் வரைக்கும் மேம்பாலத்து மேலே உருட்டிக்கொண்டு வரவேண்டும். அப்புறம் பாருங்கள், ஊரில் எத்தனை வண்டி சுத்தமாகிறது என்று.

முடிந்தது. ஏ அபி, ஆச்சி சொல்லச் சொல்ல எழுதினது போதும். பேனாவை மூடிட்டு முதல்ல இருந்து வாசிச்சுக் காட்டு.

"முழுசுமா, ஆச்சி?"

முழுசும்தான். சத்தமா வாசி. இரு, அந்த ஜன்னலைத் திறந்து வச்சிட்டு வாசி. பக்கத்து வீட்டுக்காரரு புல்லட்டை உதைக்கிற நேரம் இது.